புதுச்சத்திரத்தில் நின்ற கார்

கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில் எங்கள் கார் நிற்காத இடம் கிடையாது. ஆலப்பாக்கம் ரயில்வே கேட்டில் நின்றிருக்கிறது. புவனகிரிப் பாலத்தின் நட்டநடுவில் நின்று இரண்டு பக்கமும் மாட்டு வண்டிகளைக் காக்க வைத்திருக்கிறது. அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம் முழுக்க அந்தக் காரை நம்பித்தான் நான் படித்தேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

இங்கிலாந்தில் செய்த பெரிய சலூன் கார் அது. ஊரை விட்டுக் கப்பலேறிய ஒரு துரையிடமிருந்து வாப்பா வாங்கியது. தோல் சீட்டு, வழவழப்பான மரப்பலகை பதித்த டேஷ்போர்டு, கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் கேட்காது. பார்க்கிறவர்களுக்கு நாங்கள் நவாப் குடும்பம். உள்ளே உட்கார்ந்தவர்களுக்குத்தான் அதன் லட்சணம் தெரியும். டைனமோ சார்ஜ் ஏற்றாது, அதனால் பாதி நாள் காலையில் பேட்டரி செத்துக் கிடக்கும். ஒயர்களின் மேலுறை உளுத்து உதிர்ந்து ஒன்றோடொன்று உரசி, வலது பக்கம் ஸ்டியரிங்கை ஒடித்தால் ஹாரன் தானாக அலறும். திரும்புவதைக் காட்டக் கதவுத் தூணிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு கை நீளும். நீண்டது மடங்காது. வாப்பா ஜன்னல் வழியாகக் கையை விட்டு அதைத் தட்டி உள்ளே தள்ளுவார். ரேடியேட்டரோ வழியிலுள்ள குளத்தையெல்லாம் குடித்தது.

முதுநகரில் கார் மெக்கானிக் ஒருவர் இருந்தார். ஞாயிறு பூசைக்குப் போய்விட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்து பானெட்டைத் திறப்பார். "பாய், இது காரு இல்ல, சீக்காளி. ஒரு எடத்துல கட்டுப் போட்டா இன்னொரு எடத்துல ஒழுவுது," என்பார். வாப்பா சிரிப்பார். விற்றுவிடலாம் என்று மட்டும் சொல்ல மாட்டார். அதற்குக் காரணம் நான்.

எஸ்.எஸ்.எல்.சி. தேறியதும் அண்ணாமலை நகரில் பி.யூ.சி. சேர வேண்டும் என்று அடம்பிடித்தேன். எங்கள் தெருவில் அதுவரை எந்தப் பெண்ணும் அந்தப் பக்கம் போனதில்லை. உம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வாப்பாவிடம் சொன்னார்: "பஸ்ஸு, ரயிலுன்னு கண்டவங்க மூஞ்சியில முழிச்சிக்கிட்டு எம் பொண்ணு போவக் கூடாது. ஆஸ்டல்லயும் தங்கக் கூடாது. நீங்களே கார்ல கூட்டிட்டுப் போயி கூட்டிட்டு வர்றதுன்னா படிக்கட்டும்." வாப்பா அந்த நிமிஷமே சரி என்றார். வீட்டிலிருந்து வந்து படிக்கத் தனி அனுமதி வாங்கினார். இரும்புக் கடையைத் தன் தம்பி பொறுப்பில் விட்டார். கார் ஜன்னல்களுக்குப் பச்சைத் திரை தைத்துப் போட்டார். பி.யூ.சி. முடித்து நான் டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்பது எங்கள் இருவருக்குள் மட்டும் இருந்த பேச்சு. அதை அந்தக் காருக்குள்தான் பேசுவோம்.

திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவளுக்குக் காதுதான் மிச்சம். போகிற வழியெல்லாம் கேட்டுக் கேட்டு அந்த வண்டியின் நோயெல்லாம் எனக்கு அத்துப்படியாகிவிட்டது. பெட்ரோல் பம்ப் என் சீட்டுக்கு அடியில், டிக்கிப் பக்கம் இருந்தது. மின்சாரத்தில் ஓடுவது. சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று நாலைந்து முறை அடித்துவிட்டு அடங்கும். சில நாள் சத்தமே வராது. ஒரு தடவை வாப்பாவும் மெக்கானிக்கும் முன்பக்கத்தில் தலையை விட்டு அரை மணி நேரம் தேடியபோது, திரையை விலக்காமலேயே, "பின்னாடி பம்ப் அடிக்கல வாப்பா, ஒரு தட்டு தட்டிப் பாருங்க," என்றேன். ஸ்பேனரால் தட்டினார்கள். வண்டி கிளம்பிவிட்டது. "என்னா பாய், டாக்டரம்மா உள்ளயே இருக்காங்க!" என்றார் மெக்கானிக். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதற்கப்புறம் பம்ப் நின்றபோதெல்லாம் வாப்பா டிக்கியைத் திறந்து தட்டுவார். நான் உள்ளிருந்து "இன்னும் கொஞ்சம்" என்று உத்தரவு போடுவேன்.

பரீட்சையில் மூன்றாவது பேப்பர் பௌதிகம். காலை பத்து மணிக்கு. விடிந்ததுமே பேட்டரி படுத்துவிட்டது. தெருவில் ஆளைத் திரட்டித் தள்ளிக் கிளப்பும்போதே எட்டாகிவிட்டது. புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் இஞ்சின் இரண்டு தரம் இருமி நின்றது. வாப்பா சாவியைத் திருப்பினார். சீட்டுக்கு அடியில் சத்தமில்லை.

"பம்ப்தான் வாப்பா. தட்டுங்க," என்றேன்.

தட்டினார். வரவில்லை. ஓங்கித் தட்டினார். அந்த நேரத்தில்தான் சிதம்பரம் பஸ் வந்தது. நான் திரை இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாப்பா ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு ரோட்டின் நடுவில் போய் இரண்டு கையையும் தூக்கினார். பஸ் நின்றது. ஓடி வந்து கார்க் கதவைத் திறந்தார்.

"எறங்கும்மா. இதுல ஏறிக்க, நானும் வர்றேன். உங்க உம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்."

துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒரு காலைக் கீழே வைத்தேன். பஸ் ஜன்னல் பூராவும் முகங்கள். அத்தனையும் என்னைத்தான் பார்த்தன. அதே கணத்தில் சீட்டுக்கு அடியில் பம்ப் டிக் டிக் என்று அடிக்க ஆரம்பித்தது.

காலை உள்ளே எடுத்துக்கொண்டேன். "வேணாம் வாப்பா. பம்ப் அடிக்குது பாருங்க. வண்டி கெளம்பிடும்."

"நெஜமாவா சொல்ற? நேரம் இல்லம்மா."

"எனக்குத் தெரியும் வாப்பா."

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் போய்விட்டது. நான் அப்படிச் சொன்னதில் பயம் எவ்வளவு, திமிர் எவ்வளவு என்று இத்தனை வருஷமாகப் பிரித்துப் பார்க்கிறேன். முடியவில்லை.

வண்டி கிளம்பவில்லை. பம்ப் மட்டும் நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தது. நாலைந்து முறை அடித்து அடங்கினால்தான் அது நல்ல பம்ப். ஓயாமல் அடித்தால் பெட்ரோலை விட்டுவிட்டுக் காற்றை இழுக்கிறது என்று அர்த்தம். இதை மறுநாள் மெக்கானிக் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். "தட்டித் தட்டியே பைப்பு ஜாயின்ட் விட்டுப்போச்சு பாய்," என்றார். ஒரு வருஷம் தட்டச் சொன்னவள் கதவுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டேன்.

அன்றைக்கு வாப்பா வேர்க்க விறுவிறுக்க முன்பக்கத்தில் கைப்பிடியைப் போட்டுச் சுற்றி இஞ்சினைக் கிளப்பப் பார்த்தார். இரண்டு லாரிகளை மறித்தார், நிற்கவில்லை. பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, முன்சீட்டில் வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்தார். அடுத்த பஸ் வந்தபோது பத்தரை தாண்டியிருந்தது. அதை அவர் நிறுத்தவில்லை.

வீட்டுக்கு வந்ததும் உம்மாவிடம் சொன்னார்: "பஸ்ஸு வந்துச்சு. நான்தான் ஏத்தி விடல."

உம்மா தலையில் அடித்துக்கொண்டார். "பரீட்ச நாளு கூடவா? ஒரு நாளு ஏத்தி விட்டிருந்தா நான் என்ன கழுத்தயா புடிச்சிருப்பேன்?" வாப்பா தலையைக் குனிந்துகொண்டார். என் பக்கம் திரும்பவே இல்லை. வேண்டாமென்றது நான்தான் என்பதை அன்று சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்புறம் மறுநாள் என்று நினைத்தேன்.

செப்டம்பரில் திரும்ப எழுதலாம் என்றார் வாப்பா. அதற்குள் பரங்கிப்பேட்டையில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? கார் கொஞ்ச நாள் கொட்டகையில் நின்றது. பிறகு யாரோ வந்து பாகம் பாகமாகக் கழற்றிக்கொண்டு போனார்கள்.

கார் கௌரவம் பார்த்துப் பெண்ணின் படிப்பைக் கெடுத்த மனுஷன் என்று வாப்பாவுக்கு ஊரில் பெயர் நிலைத்துவிட்டது. கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிக் கிண்டல் செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். என் பிள்ளைகள் கூட, "நன்னா உங்கள பஸ்ல விடலயாமே?" என்று கேட்டார்கள். "பழைய கதைய விடுங்க," என்பேன்.

அவர் மவுத்தான அன்று, ஜனாஸாவை எடுத்துக்கொண்டு போன பிறகு, உள்கட்டில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். தூரத்துச் சொந்தக்காரப் பெண்மணி ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தங்கமான மனுஷன். உன் படிப்பு விஷயத்துல மட்டும் அப்படிப் பண்ணிட்டாரு, பாவம்," என்றார்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.