பிறப்பிடம்: இலங்கை

மாத்தளை நகரில் ஒரு மிளகு ஸ்டோரில் கிளாக்கராக இருந்தேன். இந்தியாவோடு வரியில்லா வியாபாரத்துக்கு அரசாங்கம் கையெழுத்திட்ட பிறகு, இங்கிருந்து அங்கே போகும் மிளகுக்கு ஒரு சான்றிதழ் தேவைப்பட்டது. இந்த நாட்டில் விளைந்தது என்று அதில் இருந்தால் அங்கே வரிச் சலுகை. அதற்கான படிவத்தை ஆங்கிலத்தில் நிரப்புவது என் வேலை.

ஸ்டோரில் மிளகு புடைக்கும் பெண்களுக்கு இதை விளக்கியபோது, அவர்களில் மூத்தவள் சொளகைக் கீழே வைத்தாள்.

“மொளகுக்குப் பொறப்புச் சான்றா, ஐயா?”

“அப்படித்தான்மா.”

“பாருங்கடி அதிஷ்டத்த! எங்கப்பன் என்னையப் பதியாம வுட்டதுக்கு நான் இன்னும் கச்சேரி ஆபீசுக்கு நடக்குறேன். மொளகு ஒரே நாள்ல பிரஜையாயிருச்சு.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தப் பருவத்தில் வேலை கூடியது. பக்கத்து ஊரான பல்லேபொலவின் வீட்டுத் தோட்டங்களிலிருந்து மூட்டை மூட்டையாக மிளகு வந்தது. அந்த மூத்தவள் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளியாகப் பெயர் பதிந்தவள். அங்கே வேலை கொடுக்காத நாட்களில் மட்டும் எங்களிடம் வருவாள். முதலாளி அவளை நிரந்தரமாக வரச் சொன்னார். ஆனால் தோட்டத்தில் பெயரை வெட்டினால் வரிசை வீடுகளில் அவள் குடியிருந்த லயத்துக் காம்பிராவும் போய்விடும். புருஷன் இல்லாதவள், அந்த ஒற்றைக் காம்பிரா அவள் பெயரில்தான் நின்றது. அவள் எங்களிடம் வருவது தெரிந்து, மாத முடிவுக்குள் ஒரு முடிவைச் சொல்லும்படி தோட்டத்து மேலாளரான துரை கேட்டிருந்தார்.

அதே மாதம் கொழும்பிலிருந்து லொறிகள் வந்தன. போர்க்காலச் சோதனைச் சாவடிகளில் மூட்டைகளைக் குத்திப் பார்த்து அனுப்பியிருந்தார்கள். அவர்கள் தேடியது குண்டு. உள்ளே இருந்தது வேறு நாட்டு மிளகு. முதலாளி என்னை அறைக்குள் அழைத்து, “நம்மளதோட கலக்குறோம். படிவத்த வழக்கம்போல எழுதுங்க” என்றார். எழுதினேன். எழுபதுகளில் பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்றுகொண்டே, அந்நியச் சரக்கு வராவிட்டால்தான் நாடு உருப்படும் என்று கூட்டங்களில் பேசியவன் நான். பிறகு இறக்குமதிக்குக் கதவு திறந்ததும், திறந்தது சரி என்று பேசினேன். இரண்டையும் நம்பித்தான் பேசினேன் என்று நினைக்கிறேன்.

அவள் ஒரு மிளகு மணியைக் கடித்துப் பார்த்துவிட்டு என் மேசைக்கு வந்தாள்.

“ஐயா, இது நம்ம மொளகு இல்லீங்க. நாக்கு சும்மா கெடக்கு.”

“பல்லேபொல மொளகுதான்மா. மழை கூடிப்போச்சு, காரம் கொறஞ்சிருச்சு.”

“மழைக்குக் கல்லும் காம்பும்கூடவா கொறையும்? சொளகுல ஒண்ணும் தங்கல. இப்பிடியே வந்தா எங்களுக்கு என்னங்க வேல? ஒளிக்காம சொல்லுங்க, பேர வெட்டவா, வேணாமா?”

“நம்ம மொளகுன்னு நானே படிவத்துல எழுதிக் குடுத்திருக்கேன். தைரியமா வெட்டிட்டு வா.”

என் பேச்சைக்கூட அவள் சந்தேகித்திருப்பாள். எழுத்தைச் சந்தேகிக்கவில்லை. மறுநாள் பெயரை வெட்டினாள். காம்பிராவைக் காலி செய்ய மட்டும் சில மாதத் தவணை கொடுத்தார்கள்.

சில வாரங்களில் யூனியன்காரர் ஒருவர் எங்கள் ஸ்டோர் ஆட்களைக் கூட்டினார். வெளிநாட்டு மிளகு நம் பெயரில் போகிறது, இந்த உடன்பாடே ஏழையின் வயிற்றில் அடிக்கிறது என்று முழங்கினார். அவள் எழுந்தாள்.

“எங்க கிளாக்கர் ஐயா பொய் எழுத மாட்டாருங்க.”

“அவருதான் பின்னால குந்தியிருக்காரே. எந்திரிச்சுச் சொல்லட்டுமே!” என்றார் யூனியன்காரர்.

நான் எழுந்து, “நம்ம மொளகுதான்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பெண்கள் கைதட்டினார்கள்.

அடுத்த தேர்தலுக்குப் பிறகு அந்த யூனியன்காரரின் கட்சி அரசாங்கத்தோடு சேர்ந்தது. அதே மனிதர் அதே உடன்பாட்டைப் புகழ்ந்து பேசினார். இலங்கை மிளகு வந்து தங்கள் விலையை விழுத்துகிறது என்று இந்திய விவசாயிகள் குமுறுவதாகப் பத்திரிகையில் படித்தேன். அது பல்லேபொல மிளகா, நான் எழுதிய மிளகா? இதையெல்லாம் கெடுத்தது உடன்பாடா, முதலாளியா, நானா? அந்த உடன்பாடு இல்லாவிட்டால் அந்த முதல் பருவத்து வேலையும் வந்திருக்காதே என்றும் தோன்றும். யோசிக்க யோசிக்க எனக்குக் குழப்பம்தான் மிஞ்சுகிறது.

தேர்தலெல்லாம் பிற்பாடு; அந்தக் கூட்டம் நடந்த சில வாரங்களிலேயே, சுத்தமாக வரும் மிளகுக்குப் புடைப்பவர்கள் தேவைப்படவில்லை. ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். அவளையும் நிறுத்திய அன்று, பெயரைத் திரும்பப் பதியும்படி துரைக்கு ஒரு கடிதம் எழுதித் தரக் கேட்டாள்.

“ஏன் வெட்டுனேன்னு கேப்பாரு. அதயும் எழுதிருங்க.”

ஏன் என்பது எனக்குத் தெரியும். அதை எழுதினால் என் வேலையும் போகும். தன் சொந்த விருப்பத்தின் பேரில் விலகினாள் என்று ஆங்கிலத்தில் எழுதினேன். என்ன எழுதியிருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தாள்.

பத்து நாள் கழித்து வந்தாள்.

“விருப்பத்துல போனவங்கள எடுக்கிறதில்லையாம். காம்பிராவ வேற குடும்பத்துக்குக் குடுத்தாச்சாம். வேற மாதிரி எழுதியிருந்தா எடுத்திருப்பாங்களா, ஐயா?”

“எப்படி எழுதினாலும் இதான்மா நடந்திருக்கும்” என்றேன்.

அது உண்மையா என்று எனக்கு இன்றும் தெரியாது.