அலாஸ்காவில் வறுத்த ஙப்பி

யங்கோன் நகரத்துத் தாமுவேயில் எட்டடிக்குப் பத்தடித் தகரக் கொட்டகையில், இரவல் வாங்கிய வெல்டிங் மிஷினோடு தொழில் தொடங்கியவன் நான். படித்தது மூன்றாம் வகுப்பு. யங்கோன் தெருக்களில் ஓடிய பஸ்களில் நாற்பதுக்கு மேல் நான் கூடு கட்டியவை. க்யிம்யிண்டைங் படகுத்துறையில் ஜனங்கள் மழைக்கு ஒதுங்கும் இரும்புக் கூரை நான் போட்டது. புயல் அடித்துச் சுற்றிலும் எல்லாக் கூரையும் பறந்த நாளில் அது மட்டும் நின்றது. எங்கள் அம்மன் கோயில் தேருக்கு அச்சு அடித்ததும் நான்தான். பஸ்ஸில் முதலாளி பேரை எழுதினார்கள். துறையில் அதிகாரி பேரை வைத்தார்கள். தேரில் தலைவர் பேர். என் பேர் எங்கேயும் கிடையாது. போகட்டும் என்று விட்டேன். ஆனால் அலாஸ்காவில் நான் செய்ததை அப்படி விடுவதாக இல்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஜூலை மாதம், கொட்டுகிற மழையில் யங்கோனை விட்டேன். பாங்காக், சியோல், சியாட்டில் என்று இறங்கி ஏறி ஆங்கரேஜ் சேர வேண்டும். என் மகள் வள்ளி அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். பெட்டியில் அவளுக்கு ஒரு டப்பா ஙப்பி இருந்தது. கூனிறாலை உப்புப் போட்டுப் புளிக்க வைத்து இடித்த அந்த விழுது இல்லாமல் பர்மாவில் பிறந்தவனுக்குச் சோறு இறங்காது. பழகாதவனை அதன் வாடை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். ஏழு பிளாஸ்டிக் பைகளில் சுற்றி டேப் ஒட்டியிருந்தேன். சியாட்டிலில் சுங்க அதிகாரி பிரித்துக் காட்டச் சொன்னார். ஆறாவது பை பிரிந்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டு, போதும், போங்கள் என்று கையைக் காட்டினார். ஏழாவது பையை அவர் பார்க்கவேயில்லை.

ஆங்கரேஜில் இரவு பத்து மணிக்கும் வெயில். மாப்பிள்ளை கோ தெய்ன் இன்சீனில் பிறந்த பர்மாக்காரப் பையன். தமிழில் 'மாமா' என்ற ஒரு சொல்தான் அவனுக்கு வரும். மற்றதெல்லாம் பர்மா பாஷையில் பேசுவான், அதை நான் இங்கே தமிழாக்கித் தருகிறேன். வீட்டில் ஒரு நாய். பொன்மஞ்சள் நிறம், அதனால் பர்மாப் பேர் ஷ்வேவா. பதின்மூன்று வயதுக் கிழவி, காது சுத்தமாகக் கேட்காது. அது என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேரே போய் என் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து வாலால் தரையைப் பெருக்கியது.

"அப்பா, ஙப்பி கொண்டாந்தீங்களா?" என்றாள் வள்ளி.

"ஏழு பை சுத்தியிருக்கேன். எப்படிக் கண்டுபிடிச்சே?"

"நான் எங்க கண்டுபிடிச்சேன்? இவ சொல்றா."

மாப்பிள்ளை நாலாயிரத்து ஐந்நூறு டாலருக்கு ஒரு பழைய கேம்பர் டிரெய்லர் வாங்கியிருந்தான். பிக்கப்பின் பின்னால் கோத்து இழுத்துப் போகிற சின்ன வீடு. பதினாறடி நீளத்துக்குள் படுக்கை, கேஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, எல்லாம் உண்டு. வாங்கியவனுக்குக் கூரை ஒழுகுவது தெரியவில்லை. கூரையில் புகை போக்கும் விசிறி துருப்பிடித்து நின்றதும் தெரியவில்லை. இரண்டு நாள் ஏணியில் நின்று ஒழுகலை அடைத்தேன், விசிறியைக் கழற்றி எண்ணெய் விட்டு ஓட வைத்தேன். அந்த விசிறியை மறந்துவிடாதீர்கள்.

சாப்பாட்டு மேசையை மடக்கினால் ஓராள் படுக்கை வரும். அது எனக்கு என்றார்கள். பார்த்தால் அதே இடம் நாய்க்கும்.

"எங்க தெருவுல நாய் வாசலோட சரி" என்றேன்.

"அப்பா, இங்க வந்து முதல் ஆறு வருஷம் நான் தனியா இருந்தேன்" என்றாள் வள்ளி. "குளிர்காலத்துல பகல்லயே இருட்டிடும். வேலை முடிஞ்சு வந்தா கதவுகிட்ட நின்னது இவ ஒருத்திதான். சாப்பிட்டியான்னு நீங்க போன்ல கேப்பீங்க. நான் சாப்பிடுற வரைக்கும் இவ நகர மாட்டா."

நாயைப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். பிக்கப்புக்கு நாலு, டிரெய்லருக்கு இரண்டு என்று ஆறு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். பழம் ஒன்று முக்கால் டாலர். மாப்பிள்ளை ஏறி நசுக்கினான். நாய் மோந்து பார்த்துத் தும்மியது. கிளெனாலன் வரை நூற்றெண்பது மைல் சொச்சம், நல்ல தார்ச்சாலை. வழியில் மலையிடுக்கில் ஒரு பனியாறு தெரிந்தது. பனி வெள்ளையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். வெல்டிங் பொறிக்கு நடுவே ஒரு நீலம் தெரியுமே, அந்த நீலம். நாற்பது வருடம் கண்ணாடி போட்டுப் பார்த்ததை அன்றைக்கு வெறுங்கண்ணால் பார்த்தேன்.

மறுநாள் வடக்கே போய் பாக்ஸனில் மேற்கே திரும்பினோம். அங்கிருந்து டெனாலி நெடுஞ்சாலை, கான்ட்வெல் வரை நூற்று முப்பத்தைந்து மைல். பேர்தான் நெடுஞ்சாலை. இருபத்தோரு மைலில் தார் முடிந்து ஜல்லி வந்துவிடும். எங்கள் ஊர் மழைக்காலத்துச் சாலையில் ஓட்டிப் பழகியவனுக்கு இது கல்யாண ஊர்வலம் என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன்.

"அப்ப நீங்களே ஓட்டுங்க மாமா" என்றான்.

"லைசென்ஸ் இல்லையே, அதனால உனக்குக் குடுத்து வச்சிருக்கு."

மூன்றாம் நாள் பிற்பகல், மக்லாரன் ஆற்றைத் தாண்டி டீ போட ஓரங்கட்டினோம். சாலைக்குக் கீழே ஆளுயர வில்லோப் புதர், மைல் கணக்கில். கொம்பு வைத்த கரிபூ மான்கள் இருபது முப்பது, எங்களை மதிக்காமல் சாலையைக் கடந்தன. ஷ்வேவா கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு அவற்றின் பின்னால் பாய்ந்தது. கிழவிக்கு அவ்வளவு கால் இருக்கும் என்று யார் கண்டது? மான்கள் போய்விட்டன. நாய் திரும்பவில்லை.

வள்ளி அதன் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டே புதருக்குள் போனாள். மாப்பிள்ளை ஹாரன் அடித்தான். காது கேட்காத நாயை இரண்டு பேரும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நானும்தான் கூப்பிட்டேன். இரவு ஒன்பது மணி வெயிலில், குரல் போய், முழங்கால் வரை சேறோடு வள்ளி வந்து படியில் உட்கார்ந்தாள். திங்கட்கிழமை காலை அவளுக்கு டியூட்டி. ஞாயிறு மதியத்துக்குள் கிளம்பியாக வேண்டும்.

"அமலே! அவ காலும் சரியில்லப்பா. கரடி இருக்கிற காடு" என்றாள். அமலே என்றால் பர்மா பாஷையில் ஐயோ. அன்றைக்கு யாரும் சாப்பிடவில்லை. சாப்பிட வைக்கிற ஆளும் இல்லை.

ஒரு மைல் தள்ளி ஒரு தங்குமிடம், இரவுக்குப் பன்னிரண்டு டாலர். அதைப் பார்த்துக்கொள்கிற அம்மாளுக்கு என் வயது இருக்கும், பேர் டோரா. மரியாதைப்பட்ட பெண்களை எங்கள் ஊரில் 'டோ' என்போம், அதனால் டோ டோரா என்று கூப்பிட்டேன். மூன்றாவது தடவை அவளே சிரித்துவிட்டாள். உணவு வாசனை வெளியே வரக்கூடாது, மிச்சத்தைப் பூட்டி வையுங்கள், கரடி வரும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

படுத்தால் பக்கத்தில் நாயின் இடம் காலி. பூட்டிய அலமாரிக்குள்ளிருந்து, வழிச் சோற்றுக்கென்று வள்ளி எடுத்து வந்திருந்த ஙப்பியின் வாடை மட்டும் லேசாக வந்தது. உணவு வாசனைக்குக் கரடி வரும் என்றால் நாய் வராதா? ஏழு பையைத் தாண்டிக் கண்டுபிடித்த மூக்கு!

காலை ஆறு மணிக்கு வள்ளியை எழுப்பி டோராவிடம் கூட்டிப் போனேன். வள்ளி மொழிபெயர்த்தாள்.

"கரடிக்குப் பந்தி போடப் போறீங்களான்னு கேக்கிறா."

"பந்திதான். முதல் இலை நாய்க்குன்னு சொல்லு."

டோரா யோசித்தாள். வள்ளியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, டிரெய்லருக்குள்ளேயே சமைக்க வேண்டும், கதவு சாத்தியிருக்க வேண்டும், முடிந்ததும் ஒரு பொட்டு மிச்சம் வெளியே விழக்கூடாது, தன் வண்டியும் கரடியை விரட்டப் பீய்ச்சுகிற மருந்துப் புட்டியும் பக்கத்தில் நிற்கும் என்று நிபந்தனை போட்டாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

நாய் ஓடிய இடத்துக்குப் போய் ஊதுபத்தி கொளுத்திப் பிடித்தேன். புகை புதரை விட்டு எதிர்ப்பக்கம் போனது. அங்கே நின்று வறுத்தால் வாசனை ஆற்றுக்குத்தான் சேரும்.

"மாப்பிள்ளை, வண்டியை எடு. அந்த மேட்டுக்கு இழு."

"அது புதருக்கு அந்தப் பக்கம் மாமா. இன்னும் தூரமாச்சே?"

"காத்துக்கு அதுதான் பக்கம்."

மேட்டில் நிறுத்தி மறுபடி பத்தி கொளுத்தினேன். புகை நேராகப் புதருக்குள் இறங்கியது. சமையலறையை அடுப்போடு இழுத்துப் போய்க் காற்று முனையில் நிறுத்தும் வசதி ராஜா வீட்டிலும் கிடையாது. கூரை விசிறியை வெளியே தள்ளும்படி ஓடவிட்டேன். சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் ஙப்பியைப் போட்டேன். பூண்டு நாய்க்கு ஆகாது என்று வள்ளி சொல்லியிருந்ததால் அதைச் சேர்க்கவில்லை. கண் எரிந்தது, மாப்பிள்ளை இருமினான். வெளியே டோரா கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வண்டிக்குள் ஏறிக் கண்ணாடியைத் தூக்கினாள்.

முதலில் வந்தது நரி. இருபதடி தள்ளி உட்கார்ந்து நாக்கைத் தொங்கவிட்டது.

"மாமா, உங்க விருந்தாளி வந்தாச்சு" என்றான் மாப்பிள்ளை.

"நரிக்கே இங்க வழி தெரியுது. அவளுக்குத் தெரியாதா? இன்னும் ஒரு கரண்டி போடு."

அரை மணிக்கு மேல் ஆகியிருக்கும். டப்பாவில் பாதி தீர்ந்துவிட்டது. வள்ளி ஜன்னலை விட்டு அசையவில்லை. திடீரென்று நரி எழுந்து ஓடியது. புதர் ஓரத்தில் மஞ்சளாக ஒன்று, மூன்று காலில், மூக்கை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தது. வள்ளி கதவைத் திறந்து ஓடிச் சேற்றில் மண்டியிட்டாள். ஷ்வேவா அவள் கையை ஒரு நக்கு நக்கிவிட்டு, அவளைச் சுற்றிக்கொண்டு, படியேறி, நேரே என் அடுப்படியில் வந்து உட்கார்ந்தது. வள்ளி அழுதுகொண்டே சிரித்தாள். வெறும் சோறு பிசைந்து வைத்தேன். அது தின்றது. பிறகு வள்ளியும் சாப்பிட்டாள், இரண்டு தட்டு.

ஒரு பாதத்தில் முள், அவ்வளவுதான். ஞாயிறு இரவு ஆங்கரேஜ் சேர்ந்துவிட்டோம். இரண்டு வாரம் கழித்து நான் கிளம்பும்போது ஷ்வேவா என் பெட்டியை மோந்தது. காலி. மீதி ஙப்பியை வள்ளியின் பிரிட்ஜில் விட்டு வந்தேன், அவசரத்துக்கு உதவும்.

ஊர் திரும்பித் தாமுவே சந்தைக்குப் போனால் ஙப்பிக் கடை பத்து. அந்த வாடைக்கு யாரும் மூக்கைப் பிடிப்பதில்லை, திரும்பிப் பார்ப்பதும் இல்லை. இவ்வளவு வல்லமையுள்ள பொருளைத் தரையில் குவித்து வைத்து விற்கிறோம். மகள் அவ்வளவு தூரத்தில் இருக்கிறாளே என்று எனக்கு இருந்த பயம் இப்போது பாதி குறைந்துவிட்டது. அங்கேயும் நம் கைவேலைக்கு வேலை இருக்கிறது.

ஆனால் ஒரு கணக்குத் தீரவில்லை. வள்ளி பேஸ்புக்கில் நாயின் படத்தைப் போட்டு, "எங்கள் ஷ்வேவா தானாகவே திரும்பி வந்துவிட்டாள்" என்று பர்மா எழுத்தில் எழுதியிருக்கிறாள். இங்கே சொந்தக்காரர்கள் எல்லாம் என்னைப் பிடித்து, நாய் என்ன புத்திசாலி என்கிறார்கள். தானாகவேயா? வள்ளி, உனக்குத் தமிழ் எழுத்து வராது, இதை யாராவது உனக்குப் படித்துக் காட்டுவார்கள். அந்தச் சொல்லை எடு. படத்துக்குக் கீழே இப்படிப் போடு: ஙப்பி உபயம், காற்றுப் பார்த்தது, வறுத்தது, விசிறி ஓட வைத்தது, தாமுவே மாணிக்கம். வண்டி இழுத்தது கோ தெய்ன் என்று சின்ன எழுத்தில் சேர்த்துக்கொள். நரியையும் எழுதலாம். அதையும் வரவழைத்தவன் நான்தான்.