பாவற்கொடி அலுமாரி

லண்டன் எட்மண்டனில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே இருந்த வீட்டை, இலங்கையிலிருந்து அகதிகளாக வந்த கலாவதியும் கணவன் கனகலிங்கமும் வாடகைக்கு எடுத்தது எண்பத்தேழாம் ஆண்டு மாரிக் குளிரில். தளபாடத்தோடு தருகிறோம் என்றுதான் பேச்சு. அந்தத் தளபாடத்தைப் பார்த்தால் யாருக்கும் வயிறு எரியும். உடுப்பு அலுமாரியின் பலகை ஈரம் குடித்துத் தோல் உரிந்து நின்றது. முன்பு இருந்தவர்களின் சிகரெட் புகை அதில் படிந்து, கை வைத்த இடமெல்லாம் பிசுபிசுத்தது. கதிரைகளில் துணி கிழிந்து பஞ்சு வெளியே தள்ளியிருந்தது.

வீட்டுக்காரர் இளங்கோவன் மலேசியத் தமிழர். படிக்க வந்து, நல்ல உத்தியோகத்தில் இங்கேயே தங்கிவிட்டவர். கலாவதி அவரிடம் மரியாதையாகத்தான் கேட்டாள்.

"அண்ணை, இதை ஒருக்காப் பாருங்கோ. பிள்ளையின்ர உடுப்பை இதுக்குள்ள வைக்க ஏலுமோ?"

"எல்லாத்தையும் விட்டுட்டு ஓடி வந்தவங்க. உங்களுக்கு இது போதாதாம்மா?" என்று சிரித்தார் அவர்.

அந்தச் சிரிப்பு அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. கைக்குழந்தையோடு வேறு வீடு தேடி அலைய முடியாது என்பதால் வாயை மூடிக்கொண்டாள். வாயைத்தான் மூடினாள். கையைச் சும்மா வைத்திருக்கவில்லை.

கனகலிங்கம் பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் வேலைக்குப் போனதும், குழந்தையை நித்திரையாக்கிவிட்டு அலுமாரிக் கதவுகளைக் கழற்றினாள். சலவைச் சோடா போட்ட வெந்நீரில் பிசுக்கைக் கழுவினாள். உரிந்த பலகையைச் சுரண்டி, ஓட்டைகளை அடைத்து, சாண்ட்பேப்பரால் தேய்த்தாள். விரல் நுனிகள் சிவந்து எரிந்தன. வெள்ளை அடிப்பூச்சின் மேல் மயில்பச்சை பெயின்ற். அது காய்ந்த பிறகு, கோர்ன்ஃபிளேக்ஸ் பெட்டி அட்டையில் பாவல் இலையின் வடிவத்தை வெட்டி, அதைக் கதவில் வைத்து, பஞ்சால் மஞ்சள் பெயின்றை ஒற்றி ஒற்றி எடுத்தாள். இலைகளுக்கு நடுவே சுருண்ட பற்றுக்கம்பிகளையும் பூக்களையும் சிறு தூரிகையால் கீறினாள். பாவற்காயின் முள்ளு முள்ளான தோலைக் கொண்டுவருவதுதான் பெரும்பாடாக இருந்தது. மூன்று முறை அழித்துக் கீறினாள். எல்லாவற்றுக்கும் மேலே வார்னிஷ். கதிரைகளுக்கும் மேசைக்கும் அதே பச்சை. இருக்கைகளுக்குத் தன் பழைய பட்டுச் சேலையை வெட்டித் தைத்தாள். பெயின்ற், வார்னிஷ் எல்லாம் சொந்தச் செலவு.

கனகலிங்கம் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இது எங்கட வீடுதானே?" என்றான். அன்று அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

அடுத்த கோடையில் கூரை ஒழுகுவதைப் பார்க்க இளங்கோவன் வந்தார். கூரையைப் பார்த்தது கொஞ்ச நேரம். அலுமாரிக்கு முன்னால் நின்றதுதான் அதிகம். போகும்போது, "பழசெல்லாம் மாத்தித் தர்றேம்மா" என்றார்.

மாற்றித்தான் தந்தார். கலாவதி பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோயிருந்த நேரம் பார்த்து, தன்னிடம் இருந்த சாவியால் கதவைத் திறந்து, அலுமாரி, மேசை, கதிரை எல்லாவற்றையும் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். திரும்பி வந்தவள் கண்டது ஒற்றைக் கதவோடு நின்ற வேறொரு பழைய அலுமாரியை. தன் குடும்பத்தின் உடுப்புகள் தரையில் குவிந்து கிடந்தன. அந்தக் குவியலுக்கு நடுவே அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அவற்ற சாமான். நாங்கள் என்ன செய்யிறது?" என்றான் கனகலிங்கம்.

"சாமான் அவற்ற. கேட்டுட்டு எடுக்கிறதுக்கு என்ன?"

சில மாதம் கழித்து இளங்கோவன் ஹரோவில் புது வீட்டுக்குக் குடிபோனார். அவருடைய மனைவி சரோஜினி தொலைபேசியில் விழாவுக்கு அழைத்தாள். அழைப்போடு ஒரு வேண்டுகோளும் வந்தது: "கொஞ்சம் சீக்கிரமா வந்து வடை போட்டுக் குடுங்க."

கணவனோடும் குழந்தையோடும் கலாவதி போனாள். வடையும் சுட்டாள். தட்டை எடுத்துக்கொண்டு முன் அறைக்கு வந்தபோது, அங்கே அவளுடைய மயில்பச்சை அலுமாரி நின்றது. அதைச் சுற்றி விருந்தாளிகள்.

"கடையில பார்த்ததும் விட மனசு வரலை. பிரெஞ்சு டிசைன். திராட்சைக் கொடி," என்று சரோஜினி விளக்கிக்கொண்டிருந்தாள்.

கலாவதி வடைத் தட்டை மேசையில் வைத்தாள். அதுவும் அவள் பெயின்ற் அடித்த மேசைதான்.

"அது பாவற்கொடி. கீறினது நான்."

இளங்கோவன் முன்னால் வந்தார். "என் வீட்டு அலமாரியில நீ பெயின்ட் அடிச்சா, அது உன்னுதாயிடுமா?"

"அலுமாரியை நான் கேக்கேல்லை. நான் செய்த வேலையைக் கடையில வாங்கினது எண்டு சொல்லாதேங்கோ."

"சரி விடும்மா, வந்தவங்க முன்னாடி எதுக்கு?" என்று சரோஜினி அவள் கையைப் பிடித்தாள்.

கலாவதி கையை உதறினாள். "பொய்யை இந்தச் சனத்துக்கு முன்னாலதானே சொன்னீங்கள்? அப்ப உண்மையையும் இவைக்கு முன்னாலதான் சொல்லோணும்."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினாள். ரயிலில் கனகலிங்கம், "வீட்டை விட்டு எழுப்பப் போறான்" என்று புலம்பிக்கொண்டே வந்தான்.

"எழுப்பட்டும்."

எழுப்பினார். அந்த மாரி முழுவதும் மூன்று பேரும் உறவினர் வீட்டு அறையொன்றில் ஒடுங்கிக் கிடந்தார்கள். பிள்ளைக்கு இருமல் விடவில்லை. ஒரு வாய் வார்த்தைக்காக ஒரு குடும்பத்தைக் குளிரில் இறக்கிவிட்ட மனிதர் லண்டன் தமிழர்களின் கோயில் காரியங்களுக்கெல்லாம் முன்வரிசையில் நின்றார். யாரும் அவரை ஒரு சொல் கேட்கவில்லை.

குறைந்த வாடகைக்கு அரசாங்கத்தின் கவுன்சில் வீடு கிடைத்ததும், வீதியோரத்தில் எறியப்பட்டுக் கிடந்த ஒரு கதிரையைத்தான் கலாவதி முதலில் தூக்கி வந்தாள். அன்று ஹரோ விருந்தில் இருந்த சிவகௌரி என்ற ஆசிரியை விசாரித்து விசாரித்து அவளைத் தேடி வந்தாள். "பாவற்கொடி கீறினது நீங்கள்தானே? எங்கட சாப்பாட்டு மேசையை ஒருக்காப் பாக்கிறீங்களோ?" அதைப் பார்த்து இன்னொருவர் வந்தார். தொண்ணூறுகளில் கலாவதி வீட்டு முன் அறையில் வார்னிஷ் மணம் இல்லாத கிழமை இல்லை.

ஒருநாள் சரோஜினியிடமிருந்து தொலைபேசி வந்தது. அலுமாரிக் கதவில் பெரிய கீறல் விழுந்துவிட்டதாம். "நீங்கதான் சரி பண்ணித் தரணும். இனிமே உங்க பேரைச் சொல்றோம்."

"ஏலாது," என்று சொல்லிவிட்டு வைத்தாள் கலாவதி.

"எவ்வளவு காலம் போச்சு, இன்னும் கோவமே?" என்றான் கனகலிங்கம்.

"ஓம். என்ர பிள்ளை இருமினது எனக்குத்தான் கேட்டது."

சரோஜினி இன்னொரு தடவையும் அழைத்தாள். கலாவதி எடுக்கவில்லை.