பேருக்குப் பக்கத்தில் ஏறும் எண்

வீடியோ கேம் விஷயத்தில் நான் எதையும் எளிதில் நம்புகிறவன் இல்லை. அதற்குக் காரணம் எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் வந்த கேசட். அதன் அட்டையில் ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஆட்டங்கள் என்று அச்சடித்திருந்தது. பொன்னேரியில் அந்தக் கோடை விடுமுறை முழுவதும் நானும் அக்காவும் அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். முதல் பக்கத்தைத் தாண்டியதும் அதே டாங்கி, அதே மோட்டார் பைக், அதே வாத்து. டாங்கி பச்சையிலிருந்து நீலமாகியிருக்கும், இல்லையென்றால் பைக் பந்தயம் இரண்டாவது கட்டத்திலிருந்து தொடங்கும். அக்காதான் முதலில் சொன்னாள்.

“ஏமாத்திக்கீறான்டா. மொத்தமே ஒரு பக்கம்தான் ஆட்டம். மிச்சமெல்லாம் நம்பரு.”

அந்த வயதில் வந்த சந்தேகம் பிறகு என்னை விட்டுப் போகவில்லை. படித்து முடித்து கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு வார்ப்பு ஆலையில் சேர்ந்தேன். வார்த்து வரும் குழாய் மூட்டுகளை அளந்து, தட்டிப் பார்த்து, நல்லதையும் கெட்டதையும் பிரிப்பது என் வேலை. சந்தேகப்படுவதற்கே சம்பளம் கொடுத்தார்கள். ஆகவே அந்தக் குணம் இன்னும் முற்றியது.

வேலைக்குப் போன புதிதில் டிஸ்க் போட்டு ஆடும் கேம் மெஷின் ஒன்று வாங்கினேன். அக்காவுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. அம்பத்தூரில் ஒரு ஏற்றுமதித் துணிக் கம்பெனியில், கணினியில் சட்டைக்கு அளவு வரைகிற வேலையில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை நாஷ்டா முடிந்ததும் இரண்டு பேரும் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவோம். பாழடைந்த ஒரு நகரத்தில் தம்பியைத் தேடி அலையும் வாள்வீரனின் கதை ஒன்று இருந்தது. முதல் பாகத்தைத் தெரிந்த பையன் ஒருவன் வீட்டில் முடித்திருந்தோம். இரண்டாம் பாகம் எங்களுடைய சொந்த டிஸ்க். சண்டை வந்தால் ஆட்டத்தை ஓட்டுகிற ரிமோட் என் கைக்கு வரும். பூட்டு, ரகசியக் கதவு, எந்தச் சந்தில் திரும்புவது என்பதெல்லாம் அக்காவின் பொறுப்பு. அந்த நகரத்தின் தெருக்களை அவள் பொன்னேரி தெருக்களைவிட நன்றாக அறிந்துவைத்திருந்தாள்.

இரண்டாம் பாகம் பற்றி எனக்கு அப்போதே குறை இருந்தது. வீரனின் தலைமுடி காற்றில் அசைந்தது. எல்லோரும் அதைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். முடியை அசைய வைத்தவர்கள் நகரத்தின் பாதியைக் காணாமல் அடித்துவிட்டார்கள் என்பதை யாரும் பேசவில்லை. முதல் பாகத்தில் நுழைந்து பார்த்த வீடுகளுக்கு இரண்டாம் பாகத்தில் வெறும் கதவுப் படம்தான் வரைந்திருந்தது.

கால்பந்து ஆட்டம் இன்னும் மோசம். அது வருடா வருடம் வரும். பேருக்குப் பக்கத்தில் வருடத்தின் எண் ஏறும், ஆட்டக்காரர்களின் சட்டை மாறும். ஆலை கேன்டீனில் என்னோடு சாப்பிடுகிற ஒருவன், “இந்த வருசம் பந்து வேற மாதிரி சுத்துது மச்சி” என்று சத்தியம் செய்தான். அவன் வீட்டுக்குப் போய் இரண்டு டிஸ்க்கையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். பந்தைப் பற்றிச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் கோல் விழுந்ததும் கோலுக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் எழுந்து குதிக்கிற சிவப்புச் சட்டைக்காரன் இரண்டிலும் அதே ஆள்தான். போன வருடம் குதித்த மாதிரியே இந்த வருடமும் குதித்தான்.

கார் பந்தயத்தின் புதிய பாகத்தில் எனக்கு வேறு சந்தேகம். நான் எவ்வளவு வேகமாகப் போனாலும் பின்னால் ஒருவன் ஒட்டிக்கொண்டே வந்தான். ஒருநாள் வேண்டுமென்றே வண்டியை ஓரமாக நிறுத்தினேன். பிறகு கிளப்பிக்கொண்டு போனால், முன்னே பறந்தவர்கள் எல்லாம் ஒரு வளைவு தள்ளி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“நீ தோத்தா அழுவியேன்னு அது வுட்டுக் குடுக்குதுடா” என்றாள்.

“அதான் எனக்குப் புடிக்கல. பழசுல தோத்தா தோத்ததுதான்.”

“உனக்கு ஜெயிச்சாலும் பேஜாரு, தோத்தாலும் பேஜாரு” என்று சிரித்தாள்.

பிறகு அக்கா கல்யாணமாகித் திருநின்றவூர் போனாள். மாமா நல்ல மனிதர், ஆனால் புதியது எதைக் கண்டாலும் கை பரபரக்கிற ஆள். செல்போனைச் சட்டை மாற்றுவது போல மாற்றுவார். அக்கா கேம் ஆடுவாள் என்று தெரிந்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம். அடுத்த தலைமுறை மெஷின் கடைக்கு வந்த கொஞ்ச நாளில் அதை வாங்கிவந்து எனக்குப் போன் செய்தார். “மச்சான், ஞாயித்துக்கெழம கெளம்பி வா. உங்க வாள்காரன் மூணாவது பார்ட்டும் வாங்கிக்கீறேன்.”

பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி திருநின்றவூர் போய்ச் சேர்ந்தேன். அந்த மெஷினைப் பார்த்த நிமிடமே எனக்குப் பிடிக்கவில்லை. நான் கொண்டுபோன பழைய டிஸ்க்கை உள்ளே தள்ளினால் வெளியே துப்பியது. பழைய மெமரி கார்டைச் செருக இடமே இல்லை. நானும் அக்காவும் திறந்துவைத்த அத்தனை கதவுகளும் அந்தக் கார்டில்தான் இருந்தன. அது போதாதென்று, அவர்கள் வீட்டுப் பழைய டிவியில் எழுத்துகள் எறும்பு அளவுக்குத் தெரிந்தன. கண்ணைத் திரையில் ஒட்டிவைத்தாலும் படிக்க முடியவில்லை.

“புது டிவி வாங்க வெக்கத்தான் எழுத்தைச் சின்னதாக்கிக்கீறாங்க மாமா” என்றேன்.

“வாங்கிட்டா போச்சு” என்றார் அவர்.

அடுத்த மாதம் நான் போனபோது தட்டையான புது டிவி வந்திருந்தது. ஓட்டலில் மாட்டுவது போல ஹால் சுவரில் நல்ல உயரத்தில் மாட்டியிருந்தார். பழைய டிவி உள்ளறையில் ஒரு முக்காலிக்குப் போய்விட்டது. அக்காவும் நானும் கீழே பாய் போட்டு உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தோம். மூன்றாம் பாகத்தில் வீரனின் தோளுக்குப் பின்னால் கேமரா. ரிமோட்டில் இருந்த சின்னக் குச்சியை அசைத்தால் நகரமே சுழன்றது. எனக்கு எந்தச் சந்தில் இருக்கிறோம் என்றே புரியவில்லை. அக்கா கொஞ்ச நேரம் ஆடினாள். பிறகு ரிமோட்டை என் மடியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

“இன்னாக்கா?”

“கண்ணு எரியுதுடா. நீ ஆடு.”

அதற்கடுத்த முறை அவள் ஹாலுக்கே வரவில்லை. சமையலறையில் ஏதோ வேலை என்றாள். அதற்கடுத்த முறையும் அப்படியே. நானும் மாமாவும் மட்டும் ஆடினோம். நான் கேட்டபோது மாமா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “அவளுக்கு இப்ப இதுலல்லாம் இஷ்டம் இல்ல மச்சான்” என்றார்.

திரும்பி வரும்போது ரயிலில் அந்தப் பேச்சையே நினைத்துக்கொண்டு வந்தேன். வாள்வீரனின் புதுப் பாகம் வந்து அக்காவுக்கு இஷ்டம் இல்லாமல் போகுமா? மாமா ஏதாவது சொல்லியிருப்பாரோ? அவருடைய நண்பர்கள் வந்து ஆடும்போது பெண்டாட்டி பக்கத்தில் உட்காரக் கூடாது என்று நினைக்கிறாரோ? வீட்டில் சொன்னால், “கல்யாணம் ஆனவளுக்கு இன்னா வெளையாட்டு, சும்மா கெட” என்றாள் அம்மா. அம்மாவுக்கும் ஏதோ தெரிந்திருக்கிறது, மறைக்கிறாள் என்று அவளையும் சந்தேகப்பட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஸ்டேஷன் வரை கூட வரச் சொல்லி அக்காவை அழைத்துப் போனேன். வழியெல்லாம் புதிதாக மனை போட்டுக் கல் நட்டிருந்தார்கள். ஒரு மனையின் ஓரமாக நின்று கேட்டேன்.

“மாமா ஆட வேணான்னு சொன்னாரா?”

அவள் உண்மையாகவே திகைத்துப்போனாள். “அவரா? அவரு டெய்லி வா வான்னு கூப்புட்டுக்கினுதான் கீறாரு.”

“அப்புறம் ஏன்?”

பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “அத்தப் பாத்தா தல சுத்துதுடா. சும்மா கிர்ருன்னு இல்ல, ஊடே கவுந்துடற மாதிரி. பாயைக் கெட்டியாப் புடிச்சிக்கினு உக்காந்திருந்தேன், நீ பாக்கல.”

“அத ஏன் மாமாகிட்ட சொல்லல?”

“சொன்னா டிவி பாத்து சுத்துதுன்னுவாங்க. அப்புறம் கம்ப்யூட்டரு பாக்காதன்னுவாங்க. வேலைய வுட்டுட்டு ஊட்டுல உக்காருன்னுவாங்க. நான் எதுக்குச் சொல்லணும்?”

எனக்கு ஒரு பக்கம் பயம், ஒரு பக்கம் திருப்தி என்றுதான் சொல்ல வேண்டும். அந்தச் சுழலும் கேமராவை முதல் நாளிலிருந்தே நான் நம்பவில்லையே. மெஷின்தான் குற்றவாளி என்று எனக்குத் தோன்றியது. ஆனால் ஆலையில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு குழாய் அளவு தப்பிக் காட்டினால் உடனே அதை ஒதுக்க மாட்டோம். அளவு உறுதியாகத் தெரிந்த ஒரு துண்டை எடுத்து அளந்து, தவறு குழாயிலா, அளக்கிற கருவியிலா என்று பார்ப்போம். அடுத்த வாரம் என் பழைய மெஷினைத் துணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு திருநின்றவூர் போனேன்.

மாமா கடைக்குப் போயிருந்தார். உள்ளறையில் முக்காலி மேலிருந்த பழைய டிவியில் மெஷினை இணைத்தேன். அதே இரண்டாம் பாகம், அதே அசையாத கேமரா. அக்கா கட்டிலில் உட்கார்ந்து ஆடினாள். சந்துகள் எல்லாம் அவள் கைக்கு ஞாபகம் இருந்தன. அரை மணி நேரம் போயிருக்கும். ஒன்றும் ஆகவில்லை.

“பாத்தியா? அந்தப் புது சனியன்தான் காரணம்” என்றேன்.

அவளும் சிரித்துக்கொண்டே, “கார்டு போடவேயில்லயே, சேவ் பண்ணணும்” என்று தரையில் இருந்த மெஷினில் மெமரி கார்டைச் செருகக் குனிந்தாள். நிமிர்ந்ததும் அவள் முகம் வெளுத்தது. கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் திரையில் வீரன் அசையாமல் நின்றுகொண்டிருந்தான். அவள் திரையைப் பார்க்கவேயில்லை.

சுற்றல் அடங்கியதும் அவளை உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். அலமாரி மேல்தட்டில் டப்பா எடுக்கும்போதும் வருமாம். படுத்துக்கொண்டு வலப்பக்கம் புரண்டாலும் வருமாம். ஆபீசில் கணினி முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் வராதாம்.

“அப்ப கம்ப்யூட்டர் இல்லக்கா. கேமும் இல்ல. தலைய அண்ணாந்தாலும் குனிஞ்சாலும் வருது. அந்த டிவி எங்க மாட்டிக்கீது பாரு.”

அவள் ஹால் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். தலையை மட்டும் மெதுவாகத் திருப்பினாள்.

மாமா வந்ததும் நானே சொன்னேன். அவருக்கு முகம் தொங்கிப்போய்விட்டது. “என்னான்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல” என்று மட்டும் கேட்டார். அக்கா, “வேலைய வுட சொல்ல மாட்டீங்கல்ல?” என்று திருப்பிக் கேட்டாள். “நான் ஏன் சொல்றேன்?” என்றார் அவர். அந்தக் குரலில் சந்தேகப்பட எனக்கே ஒன்றும் கிடைக்கவில்லை.

ஆவடியில் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரிடம் மூவரும் போனோம். அவர் அக்காவை உட்காரவைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பிப் பிடித்து, சட்டென்று மல்லாக்கச் சாய்த்தார். அவள் கண்மணிகள் துடித்ததைப் பக்கத்தில் நின்று நானே பார்த்தேன். காதுக்குள்ளே இருக்கிற சின்னச் சின்னத் துகள்கள் இடம் மாறிப் போனதால் வருகிற சுற்றல், பயப்பட ஒன்றும் இல்லை என்றார். பிறகு தலையை மெதுவாக அந்தப் பக்கம் இந்தப் பக்கம் உருட்டி எழுப்பி உட்காரவைத்தார். ஊசி இல்லை, கட்டுக் கட்டாக மாத்திரை இல்லை. வெளியே வந்ததும் நான் மாமாவிடம், “தலைய உருட்டி வுட்டா சரியாயிடுமா? எனக்கு நம்பிக்க இல்ல” என்றேன். இன்னும் இரண்டு முறை போய் வந்தார்கள். அதற்குப் பிறகு அக்காவுக்குச் சுற்றல் வரவேயில்லை.

நான் மறுபடி போனபோது டிவியைக் கீழே இறக்கி, உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக வருகிற மாதிரி மாட்டியிருந்தார் மாமா. மேலே பழைய ஆணி ஓட்டைகள் அப்படியே தெரிந்தன. அக்கா மூன்றாம் பாகத்தை முதலிலிருந்து தொடங்கினாள். நகரத்து வாசலைத் தாண்டியதும் முன்னே போகாமல், குச்சியை அசைத்துக் கேமராவை மேலே மேலே தூக்கிக்கொண்டிருந்தாள். இடிந்த கோபுரமும் அதற்கு மேலே மேகமும் தெரிந்தன.

“போக்கா, இன்னா நின்னுக்கினு கீற?”

“இருடா. பழசுல மேல பாக்கவே முடியாதில்ல. இந்த ஊருக்கு வானம் கீதுன்னே இப்பதான் தெரியுது.”

எனக்கு அந்தக் கேமரா அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்காது. ஆனால் அன்று அதைச் சொல்லத் தோன்றவில்லை. சண்டை வந்தபோது வழக்கம் போல ரிமோட்டுக்குக் கை நீட்டினேன். அவள் தரவில்லை. இரண்டு முறை செத்து மூன்றாவது முறை தானே ஜெயித்தாள். மாமா டீ போட்டு எடுத்துவந்து எங்கள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, எந்தச் சந்தில் திரும்ப வேண்டும் என்று தப்புத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.