கடலுக்குப் போவதென்றால்

நான் குடியிருக்கும் ஜெர்மனிய ஊரில், தை மாதக் குளிரில் பனி கொட்டிக் கிடக்கும்போதே ஆட்கள் ஒருவரையொருவர் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வார்கள்: "இந்த வருடம் எந்தக் கடல்?" ரொட்டிக் கடைப் பெண் கேட்பாள், பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டுக் கேட்பார். நம் ஊரில் சாப்பிட்டாச்சா என்று கேட்பதுபோல அவ்வளவு சாதாரணமாகக் கேட்பார்கள். வடகடல், கிழக்குக் கடல் என்று இவர்களுக்குச் சொந்தமாகவே இரண்டு இருக்கின்றன. அது போதாதென்று இத்தாலிக்காரன் கடலுக்கும் போவார்கள். இங்கே வந்த புதிதில் எனக்கு இந்தக் கேள்வி புரியவே இல்லை. கடலைப் போய் யாராவது புடவை எடுப்பதுபோலத் தேர்ந்தெடுப்பார்களா என்று இருந்தது. பல வருடம் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்தேன். இந்த வருடம் முடியவில்லை. மகள் இனியாவுக்கு ஏழு வயது, மகன் கவினுக்குச் சித்திரையில் ஐந்து முடிகிறது. இரண்டு பேரும் பள்ளியில் கேட்டுவிட்டு வந்து, எந்தக் கடல், எந்தக் கடல் என்று என் பிராணனை வாங்கினார்கள்.

என் கணவர் சரவணன் சென்னைக்காரர். கடலைக் கொல்லைப்புறம்போலப் பார்த்து வளர்ந்தவர். சாயங்காலமானால் மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்பதற்கான இடம், அவருக்குக் கடல் அவ்வளவுதான். ஒரே இருப்பில் வடகடல் ஓரத்தில் ஒரு வாரத்துக்கு ஃபேரியன்வோனுங், அதாவது விடுமுறைக்கு விடும் வீடு, பதிவு செய்துவிட்டார். எதிர்வீட்டு பிரிகிட்டே உடனே பொறுப்பை எடுத்துக்கொண்டாள். காற்றுக்குத் தடுப்புத் துணி வாங்கு, ஜூலையானாலும் ஸ்வெட்டர் எடு, பிள்ளைகளை நீச்சல் வகுப்பில் சேர்த்துக் கடல்குதிரைப் பட்டை வாங்க வை என்று அடுக்கினாள். நீந்தத் தெரிந்த பிள்ளைக்கு இங்கே கடல்குதிரைப் படம் போட்ட துணிப்பட்டை கொடுப்பார்கள். அதை நீச்சல் டிராயரில் தைத்துக்கொண்டு திரிவார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவுக்கு போன் போட்டேன். அம்மா கள்ளக்குறிச்சியிலிருந்து சங்கராபுரம் போகும் வழியில் எங்கள் கிராமத்து வீட்டிலேயே தனியாக இருக்கிறாள். வரச் சொன்னால் வரமாட்டாள்.

"யம்மா, ஜூலை மாசம் புள்ளைங்கள இட்டுக்கினு கடலுக்குப் போறோம்" என்றேன்.

அம்மா மெதுவாகக் கேட்டாள். "இன்னாடி சொல்ற? யாரு பூட்டாங்க?"

"யாரும் பூடல. சும்மா லீவுக்கு."

"சும்மா எவனாச்சும் கடலுக்குப் போவானா? மாப்ள வூட்ல யாருக்காச்சும் ஏதாச்சுமா? மறைக்காத சொல்லுடி."

சென்னையிலும் நாகையிலும் இருப்பவர்கள் சிரிக்கலாம். எங்கள் பக்கத்துக் குடியானவன் கடலுக்குப் போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான். யாரோ செத்திருக்கிறார்கள், சாம்பல் கரைக்கப் போகிறான். 'அவரு வூட்ல கடலுக்குப் போய்க்கினு இருக்காங்க' என்று சொன்னால் கேட்கிறவர் செருப்பைக் கழற்றிவிட்டு உச்சுக்கொட்டுவார். அப்பாவையும் அப்படித்தான் சின்ன மண்பானையில் போட்டு, சித்தப்பா மகன் மடியில் வைத்துக் கடலூருக்குக் கொண்டுபோனான். அம்மா இன்றுவரை கடலைப் பார்த்ததில்லை. நானே ஜெர்மனிக்கு வரும் விமானத்தின் ஜன்னலில்தான் முதலில் பார்த்தேன், பார்த்ததும் திரையை இறக்கிவிட்டேன்.

எங்கள் வீட்டில் சாவு இல்லாமல் கடலுக்குப் போகத் திட்டம் போட்டது ஒரே ஒரு முறைதான். அப்போது கலெக்டர் ஆபீஸ் கடலூரில் இருந்தது. பட்டா விஷயமாக அங்கே போன அப்பா, மாலையில் வேட்டிக் கரை ஈரமாகி உப்புப் பூத்துத் திரும்பி வந்தார். கால் நனைக்கத்தான் இறங்கினாராம், அலை முட்டிவரை வந்துவிட்டதாம். எனக்கு அப்போது எட்டு வயது. தம்பி செந்திலுக்கு ஐந்து. அவன் அந்த வேட்டியை விடவே இல்லை, நக்கிக்கூடப் பார்த்தான். கடல் எப்படி இருக்கும் என்று கேட்டதற்கு அப்பா, நீலமாக இருக்கும், முடிவே தெரியாது என்றார். மறுநாள் காலை செந்தில் என்னைக் கரும்புக் கொல்லை வரப்புக்கு இழுத்துக்கொண்டு போனான். மேற்கே கல்வராயன் மலை பனிமூட்டத்தில் நீலமாக, ஒரு கோடுபோலக் கிடந்தது. "அக்கா, தோ பாரு கடலு. அப்பாவுக்குத் தெரியல, சும்மா பஸ்ஸுல ஏறிப் போயிக்கீது" என்றான். மலைடா என்று எவ்வளவு சொல்லியும் அவன் ஒத்துக்கொள்ளவில்லை. அவன் அழுத அழுகைக்குத்தான் அப்பா எங்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போவதாக ஒப்புக்கொண்டார். புரட்டாசியில் ஒரு நாள் குறித்தார். கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, உளுந்தூர்பேட்டையில் மாறி, கடலூர்.

அது இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த காலம். எங்கள் ஆட்கள் கேட்டார்கள், அப்பாவும் கேட்டார். கூட்டங்களுக்குப் போய்த் தொண்டை கட்டிக்கொண்டு வருவார். ஆனால் சாலை மறியல் நாங்கள் கிளம்புகிற அன்றைக்கே வந்து சேரும் என்று யாருக்குத் தெரியும்? அம்மா புளிசோறு கட்டிவிட்டாள். எண்ணெய் தேய்த்துத் தலை வாரி, நாலு பேரும் ரோட்டுக்கு வந்து நின்றோம். பஸ் வரவில்லை. சைக்கிளில் வந்த ஒருவர், "எங்கண்ணே போறீங்க? உளுந்தூர்பேட்ட வரிக்கும் புளியமரத்த எல்லாம் அறுத்து ரோட்ல போட்டு வெச்சிக்கிறாங்க, ஒரு வண்டி போவாது" என்று சொல்லிவிட்டுப் போனார். கொஞ்ச தூரம் நடந்துபோய்ப் பார்த்தோம். எங்கள் ஊர் எல்லையிலேயே ஒரு மரம் இலையோடும் காயோடும் குறுக்கே படுத்திருந்தது. "மரத்து மேல ஏறி அந்தாண்ட குதிச்சிடலாம்பா" என்றான் செந்தில். அப்பா அவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். "கடலு எங்கியும் ஓடிப் பூடாதுடா. ரோடு தெறந்ததும் போவலாம். இதெல்லாம் ஒங்க படிப்புக்குத்தான் நடக்குது." அந்த மரத்து நிழலிலேயே உட்கார்ந்து புளிசோற்றைத் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

ரோடு திறந்தது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது, கொல்லை வேலை வந்துவிட்டது. ஐப்பசியில் செந்திலுக்குக் காய்ச்சல் கண்டது. அந்த வருடங்களில் மழைக்காலம் வந்தாலே எங்கள் ஜில்லாவில் மூளைக்காய்ச்சல் பிள்ளைகளை வாரிக்கொண்டு போகும். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் கைவிரித்து, பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அப்பாவும் அம்மாவும் வேன் வைத்து அவனைக் கொண்டுபோனார்கள். நான் ரோட்டோரம் நின்று பார்த்தேன், வேன் கிழக்கே திரும்பிப் போனது. திரும்பி வந்தபோது அவனைத் துணியால் சுற்றியிருந்தார்கள், முகத்தை எனக்குக் காட்டவில்லை. சின்னப் பிள்ளைகளை எங்கள் பக்கம் எரிப்பதில்லை, மண்ணில்தான் வைப்பார்கள். மலை தெரிகிற அந்த வரப்போரம் அவனை வைத்தார்கள். எரித்திருந்தால் சாம்பலாவது கடலுக்குப் போயிருக்கும் என்று அம்மா பல வருடம் புலம்பினாள். "அவ்ளோ தூரம் இட்டுக்கினு போயிம் கடலு காட்டாம இட்டாந்துட்டமே" என்பாள். அப்பா எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விடுவார்.

அன்று கேட்ட இடஒதுக்கீடு பிறகு கிடைத்தது. அதில்தான் நான் இன்ஜினியரிங் சேர்ந்தேன், அந்தப் படிப்புதான் என்னை இங்கே கொண்டுவந்து விட்டது. இதை நினைத்து நன்றி சொல்வதா அழுவதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அப்பா சொன்னது பொய்யில்லை, எங்கள் படிப்புக்குத்தான் நடந்தது. படிக்க நான் ஒருத்திதான் மிஞ்சினேன்.

மாசியிலிருந்து ஆடிவரை இந்த விடுமுறைக்கு நான் தயாரான லட்சணத்தைச் சொன்னால் வெட்கக்கேடு. கவினுக்கு நீச்சல் டிராயர் எடுக்கப் போய், கடையில் அந்தச் சின்ன டிராயரைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன். விற்கிற பெண் வந்து அளவு தெரியவில்லையா என்று கேட்டாள். பிரிகிட்டேயிடம் ஒருநாள் வாய் தவறி, எனக்குக் கடல் என்றால் தம்பி ஞாபகம் வரும், அவனை இழந்துவிட்டோம் என்றேன். அவள் கையிலிருந்த கோப்பையை வைத்துவிட்டு, "கடலிலா?" என்றாள். "இல்லை, அவன் கடலுக்குப் போகவே இல்லை." "அப்படியானால் கடல் என்ன செய்தது?" என்றாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. எனக்கும் ஜெர்மனில் அதைச் சொல்லத் தெரியவில்லை.

கிளம்புவதற்கு முந்தைய நாள் அம்மாவே கூப்பிட்டாள்.

"நீ போவத்தான் போற, நான் சொன்னா கேக்கவா போற. ஒண்ணு மட்டும் செய். அங்கேர்ந்து கெளம்பசொல்ல செந்திலக் கூப்புடு."

புது இடத்திலிருந்து கிளம்பும்போது பிள்ளைகளைப் பெயர் சொல்லி, 'வா, வூட்டுக்குப் போவலாம்' என்று கூப்பிட்ட பிறகுதான் அம்மா நகர்வாள். கூப்பிடாவிட்டால் உடம்பு மட்டும் வரும், உயிர் அங்கேயே வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றுவிடும் என்பது அவள் பயம்.

"அன்னிக்கி ஆஸ்பத்திரில நான் கூப்புடல. எனக்கு நெனவே இல்ல. ஒடம்பத்தான் இட்டாந்தோம். அவன் கடலு பாக்க அங்கியே நின்னுட்டான்டி."

"அது பாண்டிச்சேரிம்மா. நான் போறது வேற கடலு."

"தண்ணிக்கு இன்னாடி வேலி? எல்லாம் ஒண்ணுதான். நான் போயிக் கூப்புடலாம்னா அந்தப் பக்கம் பஸ் ஏறினாலே எனக்கு நெஞ்ச அடைக்குது. நீ அவன் கூடப் பொறந்தவ, நீ கூப்புட்டா வருவான். கூப்புடாம வுட்டியோ, அவன் தனியா நிக்கமாட்டான், தொணைக்கு ஆளப் புடிச்சி வெச்சிக்குவான். கவினுக்கும் அதே வயசு."

கடைசி வார்த்தைக்காக அம்மாமேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. போனை வைத்துவிட்டேன். படித்தவள், இயந்திரங்களோடு வேலை செய்கிறவள், இதையெல்லாம் நம்பமாட்டேன் என்று சரவணனிடம் சத்தம் போட்டேன். அவர், "நம்பாட்டா எதுக்கு நடுங்கறே?" என்றார்.

மறுநாள் நடுப்பகலில் போய்ச் சேர்ந்தோம். புல் முளைத்த உயரமான கரைமேல் பிள்ளைகள் ஓடி ஏறினார்கள், நாங்கள் பின்னால் ஏறினோம். அந்தப் பக்கம் கடல் இல்லை. கண்ணுக்கு எட்டியவரை சாம்பல் நிறச் சேறு, அதில் ஆட்கள் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தார்கள். கடல் எங்கியும் ஓடிப் போகாது என்றார் அப்பா, இங்கே ஓடிப்போயிருந்தது. இனியா அழ ஆரம்பித்தாள். பக்கத்திலிருந்த கிழவர் சிரித்துக்கொண்டே, "எப்பே, எப்பே" என்றார். நீர் வடிகிற நேரமாம், மாலைக்குள் திரும்பி வருமாம். தினமும் இப்படிப் போய்ப் போய் வரும் என்றார். அந்த வாரம் முழுக்கக் கவினின் கையை நான் விடவே இல்லை. அவன் உதறிக்கொண்டு ஓடினான், நான் பிடித்துக்கொண்டேன், அவனுக்கு மணிக்கட்டு கன்றிவிட்டது.

கிளம்புகிற நாளில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. சரவணன் பிள்ளைகளைக் காருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். இனியா, கவின், வாங்க வூட்டுக்குப் போவலாம் என்று அவர்களைக் கூப்பிட்டு நானேதான் அனுப்பினேன். அப்புறமும் என் கால் நகரவில்லை. கரையில் ஆட்கள் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். சேற்றை மூடிக்கொண்டு தண்ணீர் சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்தது. முதலில் முணுமுணுத்தேன். அது அவனுக்குக் கேட்காது என்று தோன்றியது. பிறகு கத்தினேன்.

"செந்திலு! கடல பாத்துட்டல்ல? வாடா, வூட்டுக்குப் போவலாம்! செந்திலு!"

பக்கத்திலிருந்த பெண் துண்டைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள். அவளுக்கு ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது, ஆனால் பிள்ளையைக் கூப்பிடும் குரல் எந்த ஊரிலும் தெரிந்துவிடும் போலிருக்கிறது. அவளும் கூப்பிட்டாள், "ஸெந்தில்! ஸெந்தில்!" அவள் புருஷன் கூப்பிட்டான். சிவப்புச் சட்டை போட்ட மீட்புக்காரர் ஒருவர் ஓடிவந்து என் தோளைப் பிடித்தார்.

"உங்கள் பையனா? என்ன வயது?"

ஜெர்மனில் இதற்கு முழு வாக்கியமாகப் பதில் சொல்ல, இருக்கிறது என்றோ இருந்தது என்றோ ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தமிழில் அது வேண்டாம். அவனுக்கு அஞ்சு வயசு, அவ்வளவுதான். நான் "ஐந்து" என்று மட்டும் சொன்னேன்.

"தண்ணீருக்குள் போனானா? கடைசியாக எங்கே பார்த்தீர்கள்?"

இல்லை, யாரும் தொலையவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். கை அதற்குள் தானாக எழுந்துவிட்டது. கடலுக்கு முதுகைக் காட்டி, புல் கரைக்கு அப்பால், எங்கள் ஊர் இருக்கும் தென்கிழக்கே நீட்டினேன்.

அவர் அந்தப் பக்கம் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அங்கே வெறும் மண்தானே இருக்கிறது?" என்றார்.

"ஆமாம்" என்றேன். "அங்கேதான்."