நாடாவில் செருகிய சேலை

மக்களே, நேற்று குடும்ப வாட்ஸ்அப்பில் நீங்கள் ரெண்டு பேரும் கொண்டாடிய படத்தைப் பற்றித்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஜெர்சி சிட்டியில் நாம் இருந்த பழைய கட்டடத்தின் வாசலில், முழங்கால் உயரப் பனிக்கு நடுவே, கோட்டுக்குக் கீழே மாம்பழ நிறச் சேலையோடு உங்கள் அம்மா நிற்கிற படம். பெரியவள் அதன் கீழே "அம்மா லுக்ஸ் லைக் எ குயீன்" என்று போட்டிருந்தாள். சின்னவன் இதயம் இதயமாக அனுப்பியிருந்தான். உங்கள் அம்மா அதைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள். நான் பத்தாவதோடு நின்றவன், கோவையாக எழுத வராது. பேசுகிற மாதிரி எழுதுகிறேன். வாசிக்கத் திணறினால் போனில் நானே வாசித்துக் காட்டுகிறேன்.

படத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது ஒரு வாடை. அந்த வீட்டு ஜன்னலுக்குக் கீழே, வீட்டைச் சூடாக்குகிற இரும்பு ரேடியேட்டர் ஒன்று உஸ் உஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். அதன்மேல் ஈரச் சேலையைப் போட்டால் பாலியஸ்டர் சூடேறி, புதுச் செருப்புக் கடைக்குள் நுழைந்த மாதிரி மணக்கும். சேலையின் கீழ்க்கரையில் வெள்ளைக் கோடு ஒன்று காய்ந்திருக்கும். பனி உருகுவதற்காக ரோட்டில் போடுகிற உப்புதான். "தூத்துக்குடிய விட்டு இம்புட்டு தூரம் வந்தும் உப்பு விடமாட்டேங்கு" என்று அம்மா சிரிப்பாள். வந்த புதிதில் அதற்கெல்லாம் சிரிப்பாள்.

அவள் நர்ஸ் வேலைக்கு வந்தவள். நான் அவளோடு ஒட்டிக்கொண்டு வந்தவன். நியூ ஜெர்சியில் வண்டிக்காரர் தானே பெட்ரோல் போட்டுக்கொள்ளக் கூடாதென்று சட்டம், அதனால் என்னைப் போன்றவனுக்கும் பங்க்கில் ஒரு வேலை கிடைத்தது. ஆனால் வீடு ஓடியது அவள் வேலையில். அந்த வேலையும் இன்னும் நிரந்தரமாகியிருக்கவில்லை. ஆறு மாதம் பார்ப்போம், லீவு போடாமல் வா என்று சொல்லித்தான் எடுத்திருந்தார்கள்.

ஏர்போர்ட்டுக்கு வந்து எங்களைக் கூட்டிப்போனவர்கள் பாஸ்டரும் பாஸ்டரம்மாவும். பாஸ்டர் வாரநாளில் ஒரு வங்கியில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பார். ஞாயிறு மத்தியானம், ஒரு வெள்ளைக்காரச் சபையின் பேஸ்மென்ட்டில் நம் தமிழ்ச் சபையை நடத்துவார். நமக்கு நாலாவது மாடியில் வீடு கிடைத்தது அவர் கையெழுத்தால். அவர்கள் இரண்டாவது மாடி. நாங்கள் வேலைக்குப் போகும்போது உங்களை வைத்துக்கொண்டது பாஸ்டரம்மா. காய்ச்சல் வந்தால் கஞ்சி காய்ச்சி, ஊதி ஊதிக் கொடுப்பாள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சபையில் பெண்களுக்கு நகை கூடாது, முக்காடு வேண்டும், சேலை வேண்டும். சபைக்குள் மட்டுமில்லை, தெருவிலும். பைபிளில், பழைய ஏற்பாட்டில் ஒரு வசனத்தைக் காட்டுவார்கள். பேண்ட் போடுகிற பெண்ணுக்காகவே எழுதி வைத்தது மாதிரி அதற்கு அர்த்தம் சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்ததோ பச்சை நிறத்தில் ஒரு சட்டை, ஒரு பேண்ட்.

அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். உள்பாவாடைக்கும் நாடா, அந்த பேண்ட்டுக்கும் நாடா. பேண்ட் காலை முட்டி வரை சுருட்டிக்கொண்டு, பாவாடைக்குப் பதிலாக அந்த நாடாவிலேயே சேலையைச் செருகிவிடுவாள். மேலே கோட்டு. கட்டடத்தை விட்டு இறங்கும்போது சேலைக்காரி. ஆஸ்பத்திரியில் போய் ஒரு இழுப்பு இழுத்தால் நர்ஸ். சேலையை உருட்டி லாக்கரில் வைத்துவிடுவாள். எனக்குப் பெருமை தாங்காது. வெளியே சொல்ல முடியாத பெருமை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் முடிந்து நேரே சபைக்கு வந்தாள். எல்லாரும் முழங்காலில் நின்று ஜெபிக்கிற நேரம். அவள் எழுந்திருக்கும்போது சுருட்டி வைத்த ஒரு கால் அவிழ்ந்து, சேலைக்குக் கீழே ஒரு சாண் பச்சைத்துணி எட்டிப் பார்த்தது. பின்வரிசையில் பாஸ்டரம்மா. அவ்வளவுதான்.

மறுநாள் சாயங்காலம் இரண்டு பேரும் நம் வீட்டுக்கு ஏறி வந்தார்கள். காப்பி வேண்டாமென்றார்கள். அதிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"தம்பி, நான் கோவத்துல பேசல," என்றார் பாஸ்டர். "சபை ஜனங்க கேக்காவ. ஒரு சிஸ்டருக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் ஜீன்ஸ மாட்டிட்டு வந்து நிப்பாவ."

"ஐயா, அது ஆஸ்பத்திரி யூனிஃபார்ம்," என்றாள் அம்மா. "வயசானவங்கள கட்டில்லேர்ந்து தூக்கும்போது சேலை தடுக்குனா, நான் மட்டுமா விழுவேன்?"

"நம்ம ஊரு மிஷன் ஆஸ்பத்திரில நர்சம்மா எல்லாம் சேலையிலதான பிரசவம் பாத்தாவ? யாரு விழுந்தா?" என்றாள் பாஸ்டரம்மா.

"அங்க ஐஸ் கெடயாதுல்லா அக்கா."

"எதுத்துப் பேசுதா, பாத்தியளா?"

நான் என் பங்குக்கு, "ஐயா, நானும் பங்க்குல யூனிஃபார்ம்தான் போடுதேன்" என்றேன். பாஸ்டர் என்னைப் பார்த்துப் பிரியமாகச் சிரித்தார். "நீங்க ஆம்பள, தம்பி."

அதற்குப் பிறகு அவர் அம்மாவைப் பார்த்துப் பேசவில்லை. எல்லாம் என்னிடம்தான். "வர்ற ஞாயிறு சபையில எந்திரிச்சு ஒரு வார்த்தை மன்னிப்பு கேக்கச் சொல்லுங்க. அதுவரைக்கும் திருவிருந்துல அப்பமும் ரசமும் வேண்டாம். பிள்ளைகள வச்சுக்கிடதுக்கும் எங்க வீட்டம்மாவுக்கு ஒரு மாதிரியா இருக்கு, பாத்துக்கிடுங்க."

கடைசியில் சொன்னதுதான் பூட்டு. பிள்ளைகளை யாரும் பார்க்கவில்லையென்றால் அம்மா லீவு போட வேண்டும், லீவு போட்டால் வேலை இல்லை. அந்த வாரம் நான் பங்க்கில் கெஞ்சி ஷிப்டை மாற்றிக்கொண்டு உங்களோடு இருந்தேன். ரெண்டு டேகேர் வாசலில் ஏறி இறங்கினோம். ஒன்றில் இடமில்லை, இன்னொன்று நமக்குக் கட்டுப்படியாகாது. சனிக்கிழமை சட்டிகளைக் கழுவிக்கொண்டே அம்மா சொன்னாள்: "நான் நின்னு சொல்லிருதேன். நீங்க மட்டும் என்னப் பாக்காதீங்க. கீழ பாத்துட்டு இருங்க."

அப்படியே இருந்தேன். அந்த பேஸ்மென்ட் தரையில் எந்த ஓடு உடைந்திருந்தது என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லுவேன். "எல்லாருக்கும் ஸ்தோத்திரம். உடுப்பு விஷயத்துல நான் தப்பு பண்ணிட்டேன். ஆண்டவரும் மன்னிக்கணும், நீங்களும் மன்னிக்கணும்." வலி எங்கே என்று நோயாளியிடம் கேட்கிற குரல். எல்லாரும் ஸ்தோத்திரம் என்றார்கள். நானும் சொன்னேன், வாய்ப் பழக்கம்.

பிறகு டீ ஊற்றும்போது ஒரு வேடிக்கை. ஊரிலிருந்து புதிதாக வந்த ஒரு பெண் அம்மாவின் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டு, "அக்கா, நாடாவுல செருகுனா நிக்குமா? அவுந்துறாதா?" என்று காதோடு கேட்டாள். அம்மா திரும்பாமலே, "ரெண்டு பின் குத்திக்க. கால முட்டிக்கு மேல சுருட்டு. கீழ சுருட்டித்தான் நான் மாட்டுனேன்" என்றாள்.

ஆனால் அவள் அதை மறுபடி செய்யவில்லை. சபையில் சொன்னது சொன்னதுதான் என்று பாவாடை கட்டி, முழுச் சேலை உடுத்தி, பேண்ட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனாள். சின்னவன் பள்ளிக்கூடம் சேருகிற வரைக்கும் அப்படித்தான். நீங்கள் கொண்டாடுகிற படம், மன்னிப்புக் கேட்ட அந்தக் குளிர்காலத்தில் ஊருக்கு அனுப்ப எடுத்தது. சின்னவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த மறுநாள் பச்சை பேண்ட்டோடே படியிறங்கிப் போனாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது அந்தக் கட்டடம் இருந்த இடத்தில் கண்ணாடி அடுக்குமாடி நிற்கிறது. சபை ரெண்டாகப் பிரிந்து, பிறகு ரெண்டும் கலைந்துவிட்டது. பாஸ்டர் காலமாகிவிட்டார். பாஸ்டரம்மா டெக்சாஸில், ரிச்சர்ட்சனில் மகன் வீட்டில் இருக்கிறாள். முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு ஒருநாள் போன் பண்ணினாள். "ஃபிசியோதெரபிக்குச் சேலை ஒத்து வரமாட்டேங்கு, கேட்டியா? மருமவ ட்ராக் பேண்ட் வாங்கித் தந்துட்டா" என்று கலகலவென்று சிரித்தாள். "நல்லதுக்கா, முட்டிக்கு அதுதான் சௌரியம்" என்றாள் உங்கள் அம்மா. போனை என்னிடம் தந்துவிட்டுப் போய்விட்டாள்.

உங்கள் அம்மாவுக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. மன்னிப்புக் கேட்டதற்கு மறுநாள், திங்கட்கிழமை. எனக்கு மத்தியான ஷிப்ட். காலையில் உங்களைக் கொண்டுபோய் விட்டேன். "வாங்க மக்களே" என்று பாஸ்டரம்மா ஒன்றுமே நடக்காதது போலத் தூக்கிக்கொண்டாள். மேலே வந்தேன். வீட்டில் யாருமில்லை. கொடியில் கிடந்த ஒரு நீலச் சேலையை எடுத்து என் பேண்ட்டுக்கு மேலே சுற்றினேன். கொசுவம் வைக்க வரவில்லை, ஏதோ மடித்து பெல்ட்டில் செருகினேன். மேலே கோட்டைப் போட்டு, ஒரு பையையும் எடுத்துக்கொண்டு, காலையில் உங்கள் அம்மா இறங்கிப்போன மாதிரியே படியில் இறங்கினேன். மூன்றாவது மாடித் திருப்பத்துக்கு வந்தபோது, கீழே பாஸ்டரம்மா உங்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பதும் நீங்கள் கைதட்டுவதும் கேட்டது. அதற்கு மேல் இறங்காமல் திரும்பி ஏறினேன். ஒரு கையில் பை. தடுக்காமலிருக்க, இன்னொரு கையில் சேலை. படிக்கம்பியைப் பிடிக்கக் கை இல்லை.