தார் வாசனை

நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில், மறதி நோயாளிகள் இல்லமொன்றில் ஹில்ட்யே இருபது வருஷமாகப் புலன் சோதனை செய்கிறவள். படகுக்காரர் மனைவி ஔக்யே அம்மாள் குளிப்பாட்டப் போனாலே அலறுவார். ஏதாவதொரு வாசனை அவரை அமைதிப்படுத்தாவிட்டால் நாளை முதல் மயக்க மருந்துதான்.

காபியும் அந்த ஊர் வழக்கப்படி ஒரே ஒரு பிஸ்கட்டும் கொடுத்து டப்பாவை மூடினாள், அம்மாள் அசையவில்லை. சோப்பும் ஆரஞ்சும் பலிக்கவில்லை. படகுக்குப் பூசும் தார் இருந்த புட்டியை எடுத்ததும் அறையெங்கும் தார் நெடி. அம்மாள் சிரித்தார்.

"அதுக்குள்ள டப்பாவ மூடிட்டியாடி, கஞ்சப்பிசினாறி? அவருக்கும் ஒண்ணு எடுத்து வை."

"யாருக்கும்மா?"

"உன் பின்னாடி சொட்டச் சொட்ட நிக்கிறாரே, என் வீட்டுக்காரரு."

அவர் கால்வாயில் மூழ்கி நாற்பது வருஷம். ஹில்ட்யே திரும்பவில்லை. படிவத்தில் 'தார்: அமைதி' என்று எழுதிவிட்டுப் புட்டியை மூடப் போனாள். அதன் முத்திரையே இன்னும் பிரிக்கப்படவில்லை.

எழுதியதை அவள் அடிக்கவில்லை. டப்பாவைத் திறந்து இன்னொரு பிஸ்கட்டை எடுத்து வைத்தாள்.